சம்பா ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, ரியோவில் பிறந்ததா?

கேள்வி இதுதான்: சம்பா ஆப்பிரிக்க நடனமா, பிரேசில் நடனமா? ஓரிடத்தில் அங்கோலாவிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 1917இல் ரியோவில் பிறந்தது என்று போட்டிருக்கிறது. எது சரி? கார்னிவலில் இறகு கட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, அதுதானா சம்பா?

சம்பா என்றதும் நமக்கு நெல்தான் ஞாபகம் வரும். இந்தச் சம்பாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் முடிச்சுப் போட்டு யாராவது கதை கட்டுவதற்குள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், நீங்கள் படித்த இரண்டுமே பாதி பாதி சரி. ஆடும் முறையும் தாளத்தின் கட்டுமானமும் காங்கோ, அங்கோலா மக்களுடையவை. அவை ஊரும் பெயரும் உள்ள ஒரு கலையாக நிலைபெற்றது வடகிழக்கு பிரேசிலின் பாஹியாவில். இன்று சம்பா என்று உலகம் கேட்கிற இசை ரியோ டி ஜெனிரோவில் உருவானது, அதுவும் 1917இல் இல்லை, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. இறகு சமாச்சாரம் இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

இனி விரிவாக.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பிரேசில் கரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஏறக்குறைய 48 லட்சம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போனவர்களைவிட இது பத்து மடங்குக்கும் மேல். ரியோவில் 1811இல் கட்டிய வலோங்கோ படித்துறை வழியாக மட்டுமே சுமார் 9 லட்சம் பேர் வந்தார்கள் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அந்தக் கற்படிகள் பிற்காலத்தில் மண்ணுக்கடியில் போய்விட்டன. துறைமுகப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோது மறுபடி வெளிப்பட்டன. 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ரியோவின் சம்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் படிகளிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை.

எல்லாரும் ஒரே இடத்து மக்கள் இல்லை. பாஹியாவுக்குக் கடைசிக் காலத்தில் யொருபா மக்கள் நிறையப் பேர் வந்தார்கள். ரியோவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் காங்கோ, அங்கோலா பக்கத்து பாண்டு மொழிக்காரர்கள். சம்பா என்ற சொல்லையும் அந்தப் பக்கத்துச் சொல்லாகத்தான் பலரும் கருதுகிறார்கள். அங்கோலாவின் கிம்புண்டு மொழியில் உள்ள 'செம்பா' என்ற சொல்லோடு அதைச் சேர்க்கிறார்கள். ஆடுகிறவர் தொப்புளோடு தொப்புள் இடித்து அடுத்தவரை ஆட அழைக்கும் அசைவுக்கு அந்தப் பெயர். போர்த்துகீசியத்தில் அதையே உம்பிகாடா என்றார்கள். அச்சில் 'சம்பா' என்ற சொல் 1838இலேயே வந்துவிட்டது, ரெசிஃபே நகரத்துப் பத்திரிகை ஒன்றில். அப்போது அது ஒரு குறிப்பிட்ட இசையின் பெயர் இல்லை. கறுப்பின மக்கள் கூடி அடித்து ஆடும் எந்தக் கொண்டாட்டத்தையும் பத்துக்கே என்பார்கள், சம்பா என்பார்கள். "இன்றைக்கு அங்கே சம்பா" என்றால் இன்றைக்கு அங்கே கூத்து என்று அர்த்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அங்கோலாவில் இன்று 'செம்பா' என்றே ஓர் இசை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, "ஓ, இதுதான் சம்பாவின் தாய்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த நகர்ப்புற இசை 20ஆம் நூற்றாண்டின் நடுவில், லுவாண்டாவில் உருவானது. வயதில் அது சம்பாவுக்குத் தம்பி. பழைய உறவு இருக்கிறது, ஆனால் அம்மா பிள்ளை உறவு இல்லை.

சரி, பாஹியாவுக்கு வருவோம். சால்வடோர் நகரத்தை ஒட்டிய விரிகுடாவைச் சுற்றியுள்ள பகுதிக்கு ரெக்கோன்காவோ என்று பெயர். கரும்பும் புகையிலையும் விளைந்த நிலம், அதனால் அடிமைகள் குவிந்த நிலம். சாந்தோ அமாரோ, கஷோயிரா போன்ற ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஊர்களில் இன்றும் ஆடுவது சம்பா டி ரோடா, அதாவது வட்டச் சம்பா. யுனெஸ்கோ 2005இல் மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது இதைத்தான், ரியோ கார்னிவலை அல்ல.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்து புரியும். எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். ஒரு பக்கம் வாத்தியக்காரர்கள்: பண்டேய்ரு என்கிற கஞ்சிரா மாதிரியான தோல்கருவி, சின்ன கிதார் போன்ற வயோலா, கைதட்டல். கூடவே ஒரு சாப்பாட்டுத் தட்டும் ஒரு கத்தியும். தட்டை இடது கையில் ஏந்தி, விளிம்பில் கத்தியைச் சரசரவென்று ஓட்டுவார்கள். சமையலறையில் இருக்கிற சாமான்தான். அந்த ஒலி மேளத்தின் மேல் மெல்லிய மணல் தூவியது மாதிரி விழும். சாந்தோ அமாரோவின் எடித் என்ற பாட்டி இதில் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்ததால், ஊர் அவரை 'தட்டு எடித்' என்றே அழைத்தது.

இதில் சூலா என்று ஒரு வகை உண்டு, அதற்குக் கறாரான ஒரு விதி. இரண்டு ஆண்கள் சேர்ந்து பாட்டைப் பாடும்போது யாரும் ஆடக் கூடாது. பாட்டு முடிந்து வாத்தியம் மட்டும் ஓடும்போதுதான் ஒரு பெண் வட்டத்துக்குள் வருவார். ஒரே ஒருவர். இடுப்பைத்தான் ஆட்டப்போகிறார் என்று நாம் எதிர்பார்த்திருப்போம். அவரோ பாதத்தைத் தரையிலிருந்து தூக்கவே மாட்டார், அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போவார். மியுஜின்யோ என்று அதற்குப் பெயர், 'பொடிப்பொடியாக' என்று பொருள். மேலே பாவாடை அசைவதைப் பார்த்து இடுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். வேலை முழுக்கக் காலில். வட்டத்தைச் சுற்றி வந்து, வயோலா வாசிப்பவர் முன் ஒரு கணம் நின்று மரியாதை செய்துவிட்டு, இன்னொரு பெண்ணிடம் போய்த் தொப்புளால் ஒரு இடி. அவ்வளவுதான், இனி அந்தப் பெண்ணின் முறை.

மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, டிக்கெட் கிடையாது. வட்டத்தில் நிற்கிற எல்லாருக்கும் வேலை உண்டு: கை தட்ட வேண்டும், பல்லவியைத் திருப்பிப் பாட வேண்டும், முறை வந்தால் ஆட வேண்டும். பெரும்பாலும் இது ஒரு வழிபாட்டின் வால். ஆப்பிரிக்க வழி மதமான காண்டோம்ப்ளேயின் சடங்கு முடிந்த பிறகோ, செப்டம்பரில் காஸ்மஸ், டாமியன் என்ற இரட்டைப் புனிதர்களுக்கு வெண்டைக்காய்க் கூட்டு படைத்து ஊருக்குச் சாப்பாடு போட்ட பிறகோ, முற்றத்தில் சம்பா ஆரம்பிக்கும். சாமியும் சாப்பாடும் கூத்தும் ஒரே வீட்டில், ஒரே நாளில்.

அந்த வீடுதான் ரியோவுக்குக் குடிபெயர்ந்தது. கரும்புத் தோட்டங்கள் நொடித்தன. 1888 மே 13 அன்று அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பிருந்தே பாஹியாவிலிருந்து ஆட்கள் அப்போதைய தலைநகரான ரியோவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். துறைமுக வேலை கிடைக்கும், வாடகையும் குறைவு என்பதால் வலோங்கோவைச் சுற்றியே தங்கினார்கள். சவ்தே, காம்போவா, கொஞ்சம் தள்ளி ப்ராசா ஓன்சே சதுக்கம். இந்தப் பகுதிக்குப் பின்னாளில் 'குட்டி ஆப்பிரிக்கா' என்று பெயர் விழுந்தது. அங்கே அதிகாரம் செலுத்தியவர்கள் 'தியா'க்கள். தியா என்றால் அத்தை. ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்குப் படுக்க இடம், சாப்பாடு, வேலைக்கு ஒரு வார்த்தை, எல்லாம் அத்தைமார் வீட்டில்தான்.

அவர்களில் பெயர் பெற்றவர் தியா சியாதா. இயற்பெயர் இலாரியா பதிஸ்தா டி அல்மேய்டா. 1854இல் பாஹியாவில் பிறந்தவர், இருபது வயதைத் தாண்டியதும் ரியோவுக்கு வந்தார். வெள்ளைப் பாவாடை, தலைக்கட்டு, மணிமாலைகள் என்று பாஹியா உடையில் தெருவில் உட்கார்ந்து பலகாரம் விற்றார். அதே உடைகளைக் கார்னிவலுக்கும் நாடகத்துக்கும் வாடகைக்கு விட்டார். காண்டோம்ப்ளே வழிபாட்டில் பெரிய பொறுப்பில் இருந்தார். குடியரசுத் தலைவர் வென்செஸ்லாவ் ப்ராஸின் காலில் ஆறாத புண்ணை மூலிகை வைத்துக் கட்டி ஆற்றினார், பதிலுக்குக் கணவருக்குக் காவல்துறை அலுவலகத்தில் வேலை கிடைத்தது என்று அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதை எப்படியோ, அவர் வீட்டுக்குள் போலீஸ் எளிதில் நுழைவதில்லை.

அந்த வீட்டின் அமைப்பைக் கவனியுங்கள். தெருவைப் பார்த்த முன்கூடத்தில் புல்லாங்குழலும் கிதாரும் வைத்துக் கௌரவமான ஷோரோ இசை. உள்ளே இருந்த அறையில் சம்பா. கொல்லையில் பத்துகாடா, சாமிக்கான மேளம். தெருவில் போகிறவன் காதில் விழுவது ஷோரோ மட்டும்தான். வாசலில் ஐரோப்பா, கொல்லைப்புறத்தில் ஆப்பிரிக்கா. பிஷிங்கின்யா, டோங்கா, ஜுவாவ் டா பையானா மாதிரியான பையன்கள் இந்த மூன்றையும் கேட்டு வளர்ந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த போல்காவும் ஆப்பிரிக்க வழி லுண்டுவும் கலந்து மஷிஷே என்ற நடனம் ஏற்கனவே நகரத்தைப் பிடித்திருந்தது. அதுவும் இந்தக் கலவையில் சேர்ந்தது.

போலீஸ் என்றேன். "அந்தக் காலத்தில் சம்பாவுக்குத் தடை இருந்தது" என்று எங்கும் எழுதியிருப்பார்கள். சம்பா என்று பெயர் சொல்லித் தடுத்த சட்டம் இல்லை. 1890 தண்டனைச் சட்டம் வேலையற்றுத் திரிவதையும் கப்போயரா என்ற கறுப்பின மக்களின் சண்டைக் கலையையும் குற்றமாக்கியது, அது போதுமானதாக இருந்தது. கறுப்பு இளைஞன் கையில் பண்டேய்ரு இருந்தால் அவன் வேலைவெட்டி இல்லாதவன் என்பதற்கு அதுவே சாட்சி. ஜுவாவ் டா பையானாவின் பண்டேய்ருவைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. அதனால் பின்யேய்ரோ மஷாதோ என்ற பெரிய செனட்டர் வீட்டு விருந்துக்கு அவரால் வாசிக்கப் போக முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் செனட்டர் புதிதாக ஒரு பண்டேய்ரு செய்யச் சொல்லி, அதில் தன் பெயரோடு பாராட்டு வாசகம் பொறித்துக் கொடுத்தார். 1908இல் நடந்ததாக ஜுவாவே சொன்னது. அதற்குப் பிறகு போலீஸ் வந்தால் அதைத் திருப்பிக் காட்டினால் போதும். தோல்கருவியே அடையாள அட்டை.

இப்போது அந்த 1917. தியா சியாதா வீட்டுக் கூட்டங்களில் ஆளாளுக்கு ஒரு அடி எடுத்துவிட்டு வளர்ந்த ஒரு பாட்டை, 1916 நவம்பரில் டோங்கா தேசிய நூலகத்துக்குப் போய்த் தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். பாட்டின் பெயர் 'பெலோ டெலிஃபோனே', தொலைபேசி வழியாக என்று பொருள். மறுவருடக் கார்னிவலில் ஊரெல்லாம் அதுதான். தெருவில் பாடியபோது வரி இப்படி: போலீஸ் தலைவர் போனில் சொல்லி அனுப்புகிறார், கரியோகா சதுக்கத்தில் சூதாட்டச் சக்கரம் சுழல்கிறது, வந்து ஆடுங்கள் என்று. பதிவான வடிவத்தில் போலீஸ் தலைவர் காணாமல் போய், 'கும்மாளத் தலைவர்' வந்துவிட்டார்! வட்டத்திலிருந்து காகிதத்துக்குப் போகும்போதே முதல் தணிக்கை நடந்துவிட்டது. சியாதா தரப்பினர் கோபப்பட்டார்கள், செய்தித்தாளில் மறுப்பும் வந்தது. சம்பா என்று லேபிள் ஒட்டிய சில இசைத்தட்டுகள் அதற்கு முன்பே வெளிவந்திருந்தன. ஆகவே 1917 என்பது சம்பா பிறந்த வருடம் இல்லை. ஊராருக்குப் பொதுவாக இருந்த ஒன்றுக்கு ஒருவர் பட்டா வாங்கிய வருடம், அந்தப் பட்டா விற்பனையில் வென்ற வருடம். என் பார்வையில் சம்பா வரலாற்றின் பாதிச் சண்டைகள் இந்தப் பட்டாவைப் பற்றியவைதான்.

அந்தப் பாட்டை இன்று கேட்டால் சம்பா மாதிரியே இருக்காது. காரணம் தாளம். பழைய சம்பா, மஷிஷே, டாங்கோ எல்லாம் எட்டு எண்ணிக்கையில் 'தகிட தகிட தக' என்று போகும்: 3, 3, 2. அழகானதுதான், ஆனால் உட்கார்ந்து கேட்க, ஜோடியாக ஆட ஏற்றது. 1920களின் பிற்பகுதியில் எஸ்தாசியோ என்ற பக்கத்துப் பேட்டை இளைஞர்களுக்கு இது போதவில்லை. தெருவில் கூட்டமாக நடந்துகொண்டே பாட வேண்டும், இந்தத் தாளம் நடக்கவிடவில்லை என்று அவர்களில் ஒருவரான இஸ்மாயில் சில்வா பின்னாளில் விளக்கினார். பழையதை 'தன் தன்தன் தன் தன்தன்' என்றும், தாங்கள் செய்ததை 'பும் பும் பாட்டிகும்பும் ப்ருகுருண்டும்' என்றும் வாயால் சொல்லிக் காட்டினார். சொற்கட்டு சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும்.

எஸ்தாசியோக்காரர்கள் சுழற்சியை 16 எண்ணிக்கையாக நீட்டினார்கள். 'தக தக தகிட, தக தக தக தகிட'. ஏழும் ஒன்பதும். இதைச் சொல்லிக்கொண்டே ஒரே சீராகக் காலால் தட்டிப் பாருங்கள். முதல் பாதியில் காலோடு சேரும் சொல் இரண்டாம் பாதியில் காலை விட்டு விலகிப்போகும். அந்த இழுபறிதான் உடம்பை ஆட வைக்கிறது. சின்னத் தோல்கருவியான தம்போரின் இந்தத் தாளக்கட்டை வாசிக்க, அடியில் சுர்தோ என்ற பெரிய மேளம் இரண்டாவது அடியில் கனமாக விழும். நாம் முதல் அடியில் எதிர்பார்க்கும் கனம், சம்பாவில் இரண்டாவதில் வருகிறது. சுர்தோவைச் செய்தவர் எஸ்தாசியோக்காரரான பிதே. பெரிய வெண்ணெய் டின்னை எடுத்து, சிமெண்டுப் பையின் தாளை நனைத்து இழுத்துக் கட்டி உருவாக்கினார் என்பார்கள்.

இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இருக்கிறது. அதே 16 எண்ணிக்கைத் தாளக்கட்டை இசை ஆய்வாளர்கள் அங்கோலா, காங்கோ, ஜாம்பியா பக்கம் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது, 'நவீனம்' என்று சொல்லப்பட்ட புதுச் சம்பாதான் பழைய சம்பாவைவிட ஆப்பிரிக்காவுக்குக் கிட்டத்தில் இருந்தது. கொல்லைப்புறத்தில் ஒளித்து வைத்திருந்தது வாசலுக்கு வந்துவிட்டது. காலம் போகப் போக வேர் மங்கும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ்.

பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் டோங்காவையும் இஸ்மாயிலையும் எதிரெதிரே உட்காரவைத்து, எது உண்மையான சம்பா என்று கேட்டார். 'பெலோ டெலிஃபோனே' என்றார் டோங்கா. அது மஷிஷே என்றார் இஸ்மாயில். சரி, அப்படியென்றால் எது சம்பா? இஸ்மாயில் தன் பாட்டு ஒன்றைச் சொன்னார். அது வெறும் அணிவகுப்பு மெட்டு என்றார் டோங்கா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

எஸ்தாசியோக்காரர்கள் 1928இல் தொடங்கிய குழுவின் பெயர் 'டெய்ஷா ஃபலார்', பேசுகிறவன் பேசட்டும் என்று பொருள். தங்களைச் 'சம்பா பள்ளி' என்று அழைத்துக்கொண்டார்கள். பேட்டையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே வாத்தியார்களை உருவாக்கினால் இங்கே சம்பா வாத்தியார்கள் நாங்கள் என்ற கிண்டல் அது. மாங்கேய்ரா, போர்த்தெலா என்று மற்றப் பேட்டைகளிலும் பள்ளிகள் கிளம்பின. புகழ்பெற்ற பாடகர் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் இஸ்மாயில் போன்றவர்களின் பாடல்களைக் காசு கொடுத்து வாங்கித் தன் பெயரிலும் போட்டுக்கொண்டார். மறுபடி பட்டா.

1932இல் முதல் போட்டி. நடத்தியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. கால்பந்து இல்லாத மாதங்களில் எழுத விஷயம் வேண்டாமா? மாங்கேய்ரா ஜெயித்தது. 1935இல் அரசு அங்கீகாரம். பிரேசிலை ஆண்ட வர்காஸின் சர்வாதிகாரக் காலத்தில், முன்பு லாக்கப்பில் போட்ட அதே சம்பாவைத் தேசிய இசை என்று தூக்கிவைத்தார்கள், ஆனால் நிபந்தனையோடு. சோம்பேறியை, சூதாடியைப் புகழாதே, உழைப்பைப் பாடு. அதே ஆட்சிதான் அகலமான நெடுஞ்சாலை போட ப்ராசா ஓன்சேயை இடித்துத் தள்ளியது. அத்தைமார் மட்டும் ஊர்வலத்தில் தங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளியும் பாஹியா உடையில் சுழன்று ஆடும் 'பையானா' பெண்களின் அணி ஒன்றைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்பது இன்றும் விதி. அந்த அணியில் வயதான பெண்களே அதிகம். கேமரா பெரும்பாலும் அவர்களைத் தாண்டி இறகுக்காரர்களிடம் போய்விடுகிறது.

அந்த இறகு, பல மாடி உயர வண்டிகள், 1984இல் ஆஸ்கார் நீமெயர் வடிவமைத்துக் கட்டிய ஊர்வல அரங்கமான சம்போத்ரோமோ எல்லாம் தொலைக்காட்சிக் காலத்துப் பிரம்மாண்டம். அதைச் சம்பா இல்லை என்று சொல்ல மாட்டேன், அடியில் ஓடுவது அதே பிதேயின் சுர்தோதான். ஆனால் அங்கே மேடையும் டிக்கெட்டும் வந்துவிட்டன. ஐரோப்பிய நடனப் போட்டிகளில் சம்பா என்ற பெயரில் ஜோடியாக ஆடுகிறார்களே, அது தனி விஷயம். பெயரைத் தவிர அதிகம் மிச்சமில்லை.

வட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அது ரியோவின் புறநகருக்குப் போனது. ராமோஸ் என்ற இடத்தில் 1961இல் தொடங்கிய கசிக்கே டி ராமோஸ் என்ற கார்னிவல் குழுவின் திடலில் ஒரு புளியமரம் இருக்கிறது. ஆமாம், நம்ம புளியமரம்தான். 1970களில் புதன்கிழமைதோறும் கால்பந்து ஆடிவிட்டு, அதன் அடியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். மைக் கிடையாது. நான்கு தந்திச் சின்ன கிதாரான கவாகின்யோவின் குரல் கூட்டத்தில் அமுங்கிப்போனதால் அல்மிர் கினேத்தோ பாஞ்சோவைக் கொண்டுவந்தார். நின்று அடிக்கும் சுர்தோவுக்குப் பதில் மடியில் வைத்துக் கையால் அடிக்கும் தந்தான் வந்தது. புகழின் உச்சியில் இருந்த பாடகி பெத் கர்வாலியோ ஒருநாள் அங்கே போய்க் கேட்டுவிட்டு, அவர்களையே கூட்டிக்கொண்டு வந்து 1978இல் தன் இசைத்தட்டில் வாசிக்கவைத்தார். புளியமரத்தடிக்காரர்கள் பிறகு தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஃபுண்டோ டி கிண்டால்'. தமிழில் அதற்குச் சரியான சொல் கொல்லைப்புறம்.